பியானோவின் எண்ணும் வயதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் வழக்கமாக எத்தகைய சொற்பொழிவு நிகழும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சிலம்பைப் பற்றியோ, குறளைப் பற்றியோ, கம்பனின் கவிநயத்தைப் பற்றியோ கற்றுத் துறைபோகிய அறிஞர் ஒருவர் பேசுவார். இவ்வாண்டு வருவதாயிருந்த புலவர் உடல்நலக் குறைவால் வர இயலாமற் போகவே, அந்த இடத்தை நிரப்புமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கூட்ஸ் ஷெட்டில் எடையும் ரசீதும் எழுதிக் காலங்கழிப்பவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த இலக்கியம் சரக்குப் பதிவேடு ஒன்றே. ஆகையால் பதிவேட்டைச் சார்ந்த செய்தி ஒன்றையே கொண்டு வந்திருக்கிறோம்.

நாங்கள் என்று பன்மையிற் கூறுவது பெருமை கருதி அன்று. உண்மையிலேயே நாங்கள் மூவர். பேசுபவர் ஒருவர், மற்ற இருவரும் இரண்டாம் வரிசையில் அமர்ந்து, எங்கே தடுமாறுகிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செய்த தவற்றில் மூவருக்கும் சம பங்கு உண்டாதலின், அதைச் சொல்வதிலும் பங்கு இருக்கட்டும்.

நம் இன்ஸ்டிடியூட்டின் மேடைக்குப் பின்னால், நாற்காலிகளை அடுக்கி வைக்கும் மூலையில், ஒரு பழைய பியானோ நின்றிருந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பீரோவைப் போல நிமிர்ந்து நிற்கும் 'அப்ரைட்' வகை அது. கேரம் பலகைகளும், தோரணக் கயிறுகளும், நம் நாடகத்திற்குச் செய்த கட்டபொம்மன் வாளும் அதன் தலைமேல்தான் கிடந்தன. முகப்பில் ஒரு சிறு பலகை தொங்கிற்று. '1851ஆம் ஆண்டுப் பியானோ' என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் வருகிற விருந்தினரையெல்லாம் அங்கே அழைத்துச் சென்று, "பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16ஆம் நாள். எங்கள் பியானோ அதற்கும் இரண்டாண்டு மூத்தது" என்று சொல்லிக் களிப்போம். நாங்களும் பலமுறை சொல்லியிருக்கிறோம்.

சென்ற ஆண்டு, மண்டபத்தைச் செப்பனிடுவதற்கு முன்பாகப் பயனற்ற பொருள்களைக் கழித்து ஏலம் விடுவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. இருப்பைச் சரிபார்க்க எங்கள் மூவரையும் நியமித்தார்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டினால் 'பியானோ, பழையது, ஒன்று' என்பதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. விவரம் எழுதவேண்டும் என்றார்கள். மேல்மூடியைத் தூக்கி, உள்ளே டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தோம். இரும்புச் சட்டத்தின்மேல், வார்ப்பிலேயே புடைத்தெழுந்த பெரிய உருவத்தில், நான்கு இலக்க எண் ஒன்று தென்பட்டது. அதைப் பதிவேட்டில் எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, தேநீர் அருந்திவிட்டு வீடு திரும்பினோம்.

அந்த வாரமே மிஸ்ஸம்மாவின் மனு வந்தது.

மிஸ்ஸம்மா என்றால் யார் என்று இந்தக் காலனியில் விளக்க வேண்டுவதில்லை. எண்பது வயதைக் கடந்தவர். மெயில் டிரைவராயிருந்த ஆங்கிலோ-இந்தியர் ஒருவரின் மகள். நம் பெண்களில் பலர் பியானோக் கட்டைமேல் விரல் வைக்கக் கற்றது அவரிடத்தில்தான். "அந்தப் பியானோ என் தந்தையார் 1938இல் கல்கத்தாவில் என் தாயாருக்காக வாங்கியது. அவர் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, கடைத்தெருவில் எடுத்த வீடு சிறியதாகையால், இன்ஸ்டிடியூட்டில் வைத்துவிட்டு வந்தார். இரவலாகக் கொடுத்ததேயன்றித் தானமாகக் கொடுக்கவில்லை. அதை விறகுக்கு விற்றுவிடாதீர்கள்" என்று மனுவில் எழுதியிருந்தார். கூடவே கடைக்காரரின் பழைய ரசீதையும் இணைத்திருந்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுக் காகிதத்தின் உதவியால் உயிர் பிழைத்திருந்த ரசீது அது. அதில் பியானோ செய்த கம்பெனியின் பெயரும், பழுது பார்த்து விற்கப்பட்டது என்ற குறிப்பும், ஐந்து இலக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தன.

பெயர் பொருந்திற்று, எண் பொருந்தவில்லை. ரசீதில் ஓர் எண்ணும் பொட்டலத்தின்மேல் வேறோர் எண்ணும் இருந்தால் சரக்கை ஒப்படைக்கலாகாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. 'எண் வேறுபடுகிறது' என்று கருத்துரை எழுதி மூவரும் ஒப்பமிட்டோம். கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்ற கடிதம் மிஸ்ஸம்மாவுக்குப் போயிற்று.

அவர் மறுமொழி எழுதவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் எங்களில் ஒருவரைக் கண்டு, வழக்கம்போல் குழந்தைகளின் படிப்பை விசாரித்தார். பியானோவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் நாலு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் எங்களுக்கு எளிதாயிருந்திருக்கும்.

மாதா கோயில் பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஆண்டுதோறும் கிறிஸ்துமஸை ஒட்டிக் கல்கத்தாவிலிருந்து ஒரு முதியவர் வருவார். தந்தையிடமிருந்து தொழிலைக் கற்றவர். அவருடைய கருவிப் பெட்டியை எடுத்துச் செல்லப் பார்சல் ஆபீசுக்கு வந்தபோது, எங்கள் பியானோவையும் ஒருமுறை பார்க்கும்படி வேண்டினோம். அவர் மூடியைத் திறந்தார். எங்கள் பதிவேட்டையும் பார்த்தார். "பாபு, நீங்கள் எழுதியிருப்பது காப்புரிமை எண். அந்தக் கம்பெனி இந்த மாதிரியில் வார்த்த சட்டம் ஒவ்வொன்றிலும் இதே எண்தான் இருக்கும்" என்றார். எங்கள் பாஷையிற் சொல்வதானால், வாகனின் பக்கத்தில் எழுதியிருக்கும் வெற்று எடையை வாகன் எண் என்று எண்ணி எழுதிக்கொண்டு வந்தது போலாயிற்று.

பிறகு அவர் ஒரு துணியால் தூசியைத் துடைத்து, வலப்புறத்து மரப்பலகையின் உச்சியில் விரலை வைத்துக் காட்டினார். மரத்தில் முத்திரை குத்தியதுபோல் பதிந்த ஐந்து இலக்கங்கள்! அதோடு விடவில்லை. முன்பலகையைக் கழற்றி, இடக்கோடியிலுள்ள முதற் கட்டையை மெல்ல உருவி எடுத்து, அதன் பக்கவாட்டைக் காட்டினார். அங்கும் அதே எண். மிஸ்ஸம்மாவின் ரசீதிலும் அதே எண்.

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இவ்வளவும் எங்கள் கதை. இனி, அன்று தொடங்கி இன்றுவரை பியானோ எண்களைப் பற்றி அந்த முதியவரிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் நாங்கள் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். வெட்கத்திற் பிறந்த கல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பியானோ என்பது இத்தாலி நாட்டுப் புளோரென்ஸ் நகரில் 1700ஆம் ஆண்டளவில் கிறிஸ்தோபோரி என்பவர் கண்ட கருவி. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டி மீளும். அவர் செய்தவற்றுள் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. மூன்றும் 1720களைச் சேர்ந்த பொருட்காட்சிச் செல்வங்கள். நம் காலத்துப் பியானோவில் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள் உண்டு. அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை பதினெட்டு, இருபது டன் வரும் என்கிறார்கள். பழைய நான்கு சக்கர வாகன் ஒன்றின் சரக்கு, ஒரு மனிதனின் தோள் உயரப் பெட்டிக்குள் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருப்பதாக நினைத்துப் பாருங்கள். மரம் மட்டும் இதைத் தாங்காது. ஆகவேதான் இரும்புச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் பாப்காக் என்பவர் 1825இல் ஒரே வார்ப்பான சட்டத்திற்குக் காப்புரிமை பெற்றார். சட்டம் வந்தபின் வார்ப்படச்சாலை தன் குறியை இட்டது. காப்புரிமை பெற்றவர் தம் எண்ணை இட்டார். எங்களைப் போன்ற அவசரக்காரர்கள் ஏமாறுவதற்கு அங்கேதான் வழி பிறந்தது.

உண்மையான வரிசை எண் என்பது வேறு. கம்பெனி தான் செய்யும் ஒவ்வொரு பியானோவுக்கும் ஒன்று, இரண்டு என்று முறையாகக் கொடுத்துக்கொண்டு போகும் எண் அது. நிற்கும் வகையில் பெரும்பாலும் மேல்மூடியைத் தூக்கினால், முறுக்காணிகளுக்கு அருகில் சட்டத்தின்மேலோ, பக்கப் பலகையின் உச்சியிலோ, பெட்டியின் பின்புறத்திலோ இருக்கும். கிடந்த வகையாகிய 'கிராண்ட்' பியானோவில் முறுக்காணிகளை ஒட்டியோ ஒலிப்பலகையின்மேலோ காணப்படும். இரண்டிலும் முதற் கட்டையைப் பார்ப்பது நன்று. ஆனால் எண்ணைக் கண்டுவிட்டால் வயதைக் கண்டதாகாது. நம் கோயிற் கல்வெட்டில் 'யாண்டு பன்னிரண்டு' என்று மட்டும் இருந்தால் என்ன தெரியும்? எந்த மன்னனின் பன்னிரண்டு? சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் பூண்டவர்கள் ஆதலால், பட்டப்பெயர் இருந்தாலும் ஆய்வாளர்கள் திண்டாடுகிறார்கள். எண்ணுக்கு மறுமொழி கூறும் ஏடு ஒன்று வேண்டும்.

அத்தகைய ஏடுகளுள் எங்களைப் பெரிதும் கவர்ந்தவை லண்டன் பிராட்வுட் கம்பெனியின் கணக்குகள். இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட ஆவணக் காப்பகத்தில் அவை காக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் சுமையாட்களின் புத்தகம் என்று ஒரு வரிசை உண்டு. எந்த எண்ணுள்ள பியானோ, எந்த நாளில், யார் வீட்டுக்கு, எப்படிக் கட்டப்பட்டு அனுப்பப்பட்டது என்பதைக் குறித்த புத்தகம். நம் பார்சல் ஆபீசின் டெலிவரி புத்தகத்திற்கு உடன்பிறந்தது என்று சொல்லலாம். 1817 டிசம்பரில் அதில் ஒரு பதிவு: ஆறு ஸ்தாயி கிராண்ட் பியானோ, எண் 7362, தகரப் பெட்டி, மரப் பெட்டி இரண்டினுள்ளும் வைத்து, திரியெஸ்த் துறைமுகத்து முகவர் ஒருவரின் பொறுப்பில் அனுப்பப்பட்டது. சேரவேண்டியவர் வியன்னா நகரத்துப் பீத்தோவன்! கம்பெனி முதலாளிகளுள் ஒருவரான தாமஸ் பிராட்வுட் அதை அன்பளிப்பாக அனுப்பினார். கடல் வழியே திரியெஸ்துக்கும், அங்கிருந்து தரை வழியே மலைகளைக் கடந்து வியன்னாவுக்கும் 1818இல் அது போய்ச் சேர்ந்தது. அந்நாளில் அந்தப் பெருமேதையின் செவிப்புலன் பெரும்பாலும் மங்கிவிட்டிருந்தது. அவர் மறைந்தபின் அந்தக் கருவி லிஸ்ட் என்னும் மற்றொரு மேதையின் கைக்கு வந்து, இப்போது புடாபெஸ்ட் நகரில் ஹங்கேரிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது பீத்தோவனுடையதுதானா என்ற ஐயம் எழுமானால், லண்டனில் ஒரு குமாஸ்தா எழுதிவைத்த வரி சாட்சி சொல்லும். அந்தக் குமாஸ்தா எண்ணைத் தவறாக எழுதியிருந்தால்? அன்றிரவு எங்களுக்கு இந்த எண்ணமே திரும்பத் திரும்ப வந்தது.

ஒன்று சொல்ல மறந்தோம். பிராட்வுட் கம்பெனி சதுரப் பியானோவுக்கு ஒரு வரிசையும் கிராண்டுக்கு ஒரு வரிசையும் தனித்தனியே வைத்திருந்தது. ஆகவே எண்ணை மட்டும் எழுதி, வகையை எழுதாது விட்டால் ஆண்டு மாறிப்போகும். பெயர்ப்பலகையில் சிலபோது '1728' என்றும் காணப்படும். அது ஷூடி என்பவர் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய கருவியைச் செய்யத் தொடங்கிய ஆண்டு. கடையின் பிறந்த நாளைச் சரக்கின் பிறந்த நாளாகக் கொள்ளலாகாது.

பின்னும் ஒரு விநோதம். ரயில்வேக்காரர்களுக்கு மறக்கவொண்ணாத 1853ஆம் ஆண்டு பியானோக்காரர்களுக்கும் அத்தகையதே. நியூயார்க்கில் ஸ்டெயின்வே, பெர்லினில் பெக்ஸ்டெயின், லைப்சிக்கில் புளூத்னர் ஆகிய மூன்று பெருங் கம்பெனிகளும் அந்த ஓராண்டிலேயே தொடங்கப்பெற்றன. ஸ்டெயின்வே அமெரிக்காவில் விற்ற முதற் பியானோவின் எண் 1 அன்று, 483! குடும்பத் தலைவர் ஜெர்மனியில் இருந்தபோது 482 செய்து முடித்திருந்தார். கடல் கடந்து வந்தும் எண்ணிக்கையை விடவில்லை. ஊர் மாறினாலும் சர்வீஸ் தொடர்ச்சி போகக்கூடாது என்பதில் நம்மைப் போலவே கருத்தாக இருந்திருக்கிறார். 483ஆம் எண் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கம்பெனியின் எண்களைக்கொண்டே கணக்குப் போடும் முறையைக் காட்டலாம். எண் 1,00,000 உள்ள பியானோவை 1903இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் வெள்ளை மாளிகைக்கு அளித்தார்கள். எண் 3,00,000 உள்ளதை 1938இல் அதே மாளிகைக்கு அளித்தார்கள். 5,00,000 என்பது 1988. 6,00,000 என்பது 2015. ஆக, ஒரு ஸ்டெயின்வேயின்மேல் இரண்டு லட்சத்துச் சொச்சம் என்ற எண் இருந்தால், அது 1903க்கும் 1938க்கும் இடையில் செய்யப்பட்டது என்பது திண்ணம். இனி, முப்பத்தைந்து ஆண்டில் இரண்டு லட்சம், ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 என்று வகுத்து ஆண்டைக் கண்டுவிடலாமே என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றிற்று. அது தவறு. 1914இல் மூண்ட போரும், 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் எல்லா ஆண்டுகளையும் ஒரே நிறையாக விட்டுவைக்கவில்லை. 1938க்குப் பிந்திய ஐம்பது ஆண்டில் சராசரி 4,000ஆகக் குறைந்துவிட்டது. மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து, ஒவ்வொரு நாளும் அவ்வளவே செலவாயிற்று என்று எந்த இல்லத்தரசியாவது ஒப்புக்கொள்வாரா?

ஆகையால் ஆண்டுவாரியான அட்டவணை தேவை. அமெரிக்காவில் வெளியான பியர்ஸ் பியானோ அட்லஸ் என்ற நூல், ஆயிரக்கணக்கான கம்பெனிப் பெயர்களைத் திரட்டி, இந்த ஆண்டில் இந்த எண் என்று தருகிறது. சுருதி சேர்ப்பவர்களுக்கு அது பஞ்சாங்கம் போன்றது. பெருங் கம்பெனிகளுக்கு அது நன்றாக உதவும். சிறு கம்பெனிகளுக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு இடைவெளியில் ஓர் எண் கிடைத்தாலே அதிர்ஷ்டம். கணக்குப் புத்தகங்கள் தீயிலும் போரிலும் அழிந்த கம்பெனிகள் பல. லைப்சிக்கில் புளூத்னர் தொழிற்சாலையே 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. சில வியாபாரிகள் பிறர் செய்த பியானோவை வாங்கித் தம் பெயரைப் பொறித்து விற்றதும் உண்டு. அங்கே பெயரே பொய்யாதலால் எண் பேசாது. மேலும், எண் குறிப்பது செய்த காலத்தையே. கடையில் ஓரிரண்டு ஆண்டு காத்திருந்து விலைபோன பியானோக்கள் இல்லாமலில்லை.

எண் ஊமையாகும்போது மற்றச் சாட்சிகளை அழைக்க வேண்டும். 'ஜெர்மனியில் செய்தது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் 1887க்கு முற்பட்டதாக இருப்பது அரிது. அந்த ஆண்டில்தான் அயல்நாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரைக் குறிக்கவேண்டும் என்று பிரிட்டிஷ் சட்டம் பிறந்தது. கட்டைகளை எண்ணிப் பார்க்கலாம். பழைய பியானோக்களில் 85 இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் 88 என்பது நிலைபெற்றது. ஆனால் 85 கட்டை உள்ளவற்றை அதன் பின்னும் பல கம்பெனிகள் செய்தன; ஆகவே இந்தச் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதலாகாது. வெள்ளைக் கட்டையின் மேற்பூச்சு யானைத் தந்தமானால், அகன்ற பகுதியும் குறுகிய பகுதியும் சேருமிடத்தில் மயிரிழை போன்ற கோடு தெரியும். செல்லுலாய்டில் அந்த இணைப்புக் கோடு பெரும்பாலும் இராது. தந்தத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறோம். ஏலச் செய்தியைக் கேட்டு வந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர், பியானோவின் பெயரையும் கேட்கவில்லை, எண்ணையும் கேட்கவில்லை. 'தந்தம் எத்தனை துண்டு தேறும்?' என்று மட்டும் கேட்டார். தந்த வியாபாரம் இந்நாட்டில் குற்றம் என்பதை எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தோம்.

இவை எல்லாவற்றினும் எளிய சாட்சி பதக்கங்கள். அந்நாளைய கம்பெனிகள் பொருட்காட்சிகளிற் பெற்ற பதக்கங்களின் உருவத்தைக் கட்டை மூடியின் உட்புறத்தில் பொன்னிறத்தில் பதிப்பார்கள். நம் பியானோவில் நடுநாயகமாக, எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது 1851 லண்டன் பெரும் பொருட்காட்சிப் பதக்கம். பலகை எழுதிய மகானுபாவர் அதைப் பார்த்தே எழுதியிருக்கிறார். முதியவர் மேற்பூச்சின் அழுக்கை எண்ணெய் தொட்டுத் துடைத்தவுடன், ஓரத்திலிருந்து மேலும் இரண்டு பதக்கங்கள் வெளிப்பட்டன. ஒன்று 1862, மற்றொன்று லண்டனில் 1885இல் நடந்த கண்டுபிடிப்புப் பொருட்காட்சி. 1885இல் பெற்ற பதக்கத்தை 1851இல் பதிக்க முடியுமா? பதக்கங்களுள் முதலாவது வெறும் பெருமை, கடைசியே சாட்சி. அந்த ஆண்டுக்கு முன் இது பிறந்திருக்க இயலாது.

மேல் எல்லை எங்கே? அதையும் அந்த முதற் கட்டையே சொல்லிற்று. சுருதி சேர்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் கட்டையின் பக்கத்திலோ உள் மரத்திலோ பென்சிலால் தம் பெயரையும் நாளையும் எழுதிவைப்பார்கள். பிறர் பார்ப்பதற்கு அன்று. அடுத்து வரும் தொழிலாளி ஒருவன் பார்ப்பதற்கு. நம் பியானோவில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. முதலாவது 1909, அடுத்தது 1921, மூன்றாவது 1938. ரசீதிலும் 1938, பழுது பார்த்தது என்ற குறிப்பு. கடைக்காரரின் ஆள் வேலையை முடித்துக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறார். எங்கள் முதியவர் அந்த மூன்றாவது பெயரைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருமுறை படித்தார். "என் தந்தைக்குத் தொழில் கற்பித்தவர்" என்றார். அதற்குமேல் சற்று நேரம் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

ஆக, 1885க்குப் பின், 1909க்கு முன். அட்டவணையில் அந்தக் கம்பெனிக்கு 1900இல் ஓர் எண்ணும் 1905இல் ஓர் எண்ணுமே கிடைத்தன. நம் எண் அவ்விரண்டுக்கும் நடுவில், பின்னதற்கு அணுக்கமாக விழுந்தது. சுமார் 1904 என்று சொல்லலாம். அதற்குமேல் துல்லியம் கேட்டால் பொய் சொல்ல வேண்டிவரும். குழுவின் முன் இதைக் கூறியபோது மூத்த உறுப்பினர் ஒருவர், "அடடா, அரை நூற்றாண்டைத் தின்றுவிட்டீர்களே!" என்று வருந்தினார். முதல் ரயிலுக்கு மூத்தது என்ற பெருமை போனதில் எங்களுக்கும் வருத்தந்தான்.

பதிவேட்டில் பழைய எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, சரியான எண்ணை எழுதி, முன்பு எழுதியது எங்கள் பிழை என்று குறிப்பும் எழுதி, மூவரும் மீண்டும் கையெழுத்திட்டோம். குழு தன் கடிதத்தைத் திரும்பப் பெற்று, பியானோ மிஸ்ஸம்மாவுடையதே என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் நாங்களே கையோடு கொண்டுபோனோம். மன்னிப்புக் கேட்பதற்கென்று வழியெல்லாம் ஆங்கில வாக்கியங்களைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கதவைத் திறந்து, மூவரையும் பார்த்து, எங்களில் மூத்தவரின் மகளுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டார். வாக்கியங்கள் எங்கே போயினவோ தெரியவில்லை.

பியானோவை அவர் வீட்டுக்குக் கொண்டுசெல்ல எட்டுக் கலாசிகளுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னோம். அவர் எங்களை வாசலுக்கு அழைத்துச் சென்று, கையில் ஓர் அளவு நாடாவைக் கொடுத்தார். நிலையை அளந்தோம், சந்தின் திருப்பத்தையும் அளந்தோம். எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையாது. "என் தந்தையாரும் அளந்து பார்த்தார்" என்றார். பிறகு மேசையில் உட்கார்ந்து, பியானோவை இன்ஸ்டிடியூட்டுக்கு இரவலாகத் தருவதாகப் புதிய கடிதம் ஒன்று எழுதச் சொன்னார். எண் வந்தபோது ஒவ்வோர் இலக்கமாக நிறுத்திச் சொல்லி, எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர்கள் தொலைபேசியில் ப்ரைவேட் நம்பரைச் சொல்லி, எதிர்முனையிலிருந்து திருப்பிச் சொல்லக் கேட்பார்களே, அந்த முறையில் இரண்டு தடவை படித்தோம். மெயில் டிரைவரின் மகளல்லவா!

முதியவர் மூன்று நாள் தங்கி, அறுந்த கம்பிகளை மாற்றிச் சுருதி கூட்டிக் கொடுத்தார். கட்டை மூடியை மூடுவதற்கு முன், முதற் கட்டையில் மூன்று பெயர்களுக்குக் கீழே தம் பெயரையும் நாளையும் எழுதினார்.

மிஸ்ஸம்மா முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நிகழ்ச்சி நிரலில் அடுத்த உருப்படியாக அவரிடம் பயிலும் நம் குழந்தைகள் இருவர் அந்தப் பியானோவை வாசிக்கப் போகிறார்கள். இடக்கோடியிலுள்ள முதற் கட்டை, வந்தவர்களுக்கெல்லாம் எண்ணைக் காட்டுவதற்காக நாங்கள் அடிக்கடி உருவி எடுத்ததால், சற்றுத் தளர்ந்து ஆடுகிறது. அதில் ஏதேனும் அபசுரம் எழுந்தால் அது எங்கள் குற்றம், குழந்தைகளுடையதன்று.